மயக்கம் தராத ஊசி

சாவதற்குத் தயாராகத்தான் நான் ஆப்பரேஷன் அறைக்குள் போனேன்.

வாழையை மேய்ந்த ஆட்டை விரட்டப் போய்ச் சாக்கடையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட கிழவன் வேறு எதற்குத் தயாராவான்? வயதானவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்தால் திரும்ப முழிக்கமாட்டார்கள் என்பது எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அதனால் முதல் நாளே வார்டில் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். சைக்கிள் யாருக்கு என்று மனைவி வேலம்மாவிடம் சொன்னேன். கடைசியாக, சுங்கை பெசாரில் இருக்கும் என் தம்பி சேதுவை மன்னித்துவிட்டதாகவும், அவன் வந்து முகத்தைக் காட்டவேண்டும் என்றும் சொல்லியனுப்பச் சொன்னேன்.

சேது தன் மகள் கல்யாணப் பத்திரிகையை வெற்றிலைத் தட்டோடு நேரில் வந்து வைக்காமல் லோரிக்காரனிடம் கொடுத்தனுப்பியவன். தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்த்த மண்டோர் காளியண்ணன் எனக்கு லோரியில் பத்திரிகை! அன்றோடு பேச்சை நிறுத்தினேன். உள்ளுக்குள் அவனுக்காக ஏங்கியதைச் சொல்ல, சாகும் நேரத்தில்தான் எனக்கு வாய் வந்தது.

மேசையில் படுத்து, கண்ணை மூடி, முருகா என்றேன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சந்திரிகா குனிந்தார்.

"தாத்தா, தூங்க வைக்கிற மருந்து உங்க நெஞ்சுக்கு ஆகாது லா. முதுகுல ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போகும். நீங்க பாட்டுக்கு முழிச்சிருக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாகப்போவதில்லையா? அப்படியானால் மன்னித்தது?

சாகப்போகிறவன் மன்னித்தால் பெருந்தன்மை. பிழைத்து வந்தவன் மன்னித்தால் லயமே சிரிக்கும். என் எலும்பில் சுத்தியல் அடிக்கும் சத்தம் கேட்டது. நானோ மானத்தை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்தார்கள். நடையில் சேது நின்றிருந்தான், கசங்கிய சட்டையோடு, என்னைவிடக் கிழவனாக.

சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன். மயங்கிக் கிடப்பவனிடம் யாரும் பதில் எதிர்பார்க்கமாட்டார்கள். முதலில் அவன் பேசட்டும்.

அவன் பேசவில்லை. அண்ணே என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தும் வாயைத் திறக்கிறானா பார், திமிர் பிடித்தவன் என்று எனக்குள் கொதித்தது. நாலு வார்த்தை திட்டிவிடலாம் என்றே கண்ணைத் திறந்தேன்.

சேது கால்மாட்டில் குனிந்து, மரத்துக் கிடந்த என் இரண்டு பாதங்களையும் பிடித்து, அவற்றில் முகத்தைப் புதைத்துச் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தானோ, எனக்குத் தெரியவே இல்லை.