பம்பின் முதுகுப் பக்கம்

கடைசிக்கு முந்தைய போல்ட்டில் ஷாஃப்ட் நின்றுவிட்டது.

அவன் கையை எடுத்தான். துடைத்துக்கொண்டு மறுபடியும் பிடித்துத் திருகினான்.

அசையவில்லை.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துச் சேர்க்கும்போது அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக முன்பக்கத்தில் பம்பை வைத்து ஒரு போல்ட்டை முடுக்குவான். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்ப்பான். சுற்றினால்தான் அடுத்த போல்ட். மற்றவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடுக்கி, வண்டியில் ஏற்றிய பிறகு தலையில் கை வைப்பார்கள். அவன் அப்படி வைத்ததில்லை.

இதுவரை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இப்போது உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி நிற்கிறது.

யாரோ.

அவன் வாசலைப் பார்த்தான். சீல் வாங்கப் போன ஜெயசிங் இன்னும் வரவில்லை.

ஜெயசிங் அவன் மனைவியின் தம்பி. ஒர்க்‌ஷாப்பில் கூட்டாளி. கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. போன் வந்தால் எழுந்து ரோட்டோரம் போய்விடுகிறான். குரலைத் தாழ்த்திப் பேசுகிறான். பைபாஸில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய ஒர்க்‌ஷாப்பில் அவனைக் கேட்டதாக ஒரு பேச்சு. விசாரித்தால், "நான் எங்க போவேன் அத்தான்" என்று சிரிக்கிறான்.

பால் குடித்த பூனைச் சிரிப்பு.

அவன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் ஜெயசிங் பெஞ்சருகே நிற்கிறான். எதையோ குனிந்து பார்க்கிறான். காலடிச் சத்தம் கேட்டால் அவசரமாகத் துணியை எடுத்துக் கை துடைக்கிறான்.

இந்த ஊரில் ஆட்டோமேட்டிக் வண்டி மக்கர் செய்தால் அவன் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதைத் தவிர அவனிடம் சொத்து என்று ஒன்றும் கிடையாது. பெயர் கெட்டால் ஒர்க்‌ஷாப் படுக்கும். ஒர்க்‌ஷாப் படுத்தால், பைபாஸுக்குப் போகிறவனை யார் குறை சொல்லப் போகிறார்கள்?

முடிச்சு அழகாக விழுந்தது.

போல்ட்டுகளைக் கழற்றி, பம்பைத் தூக்கிப் பெஞ்சில் வைத்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உள்ளே தேடினான். கிளட்ச் தட்டுகள் பல்லில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. சீல் வளையங்கள் நசுங்கவில்லை. டிரம்முக்கும் பம்புக்கும் இடையே வர வேண்டிய ஒற்றை வாஷர், டிரம்மின் மேல் அவன் வைத்தபடியே இருந்தது.

வழக்கமாக அவன் அதை அங்கே வைக்க மாட்டான். வாசலின் தடவி பம்பின் முதுகில் ஒட்டிவிடுவான். பம்போடு சேர்ந்து அதுவும் இறங்கும். இந்த முறைதான் மாற்றினான். பெஞ்சில் கிடக்கும் பம்பில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். டிரம்மின் மேல் வைத்துத் துணியால் மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது.

சொந்த மச்சினனுக்குத் தெரியாமல் ஒளித்துத்தான் வைத்தான். அதில் அவனுக்கு வெட்கம் இல்லை.

பம்பைக் கவிழ்த்தான்.

முதுகில் இன்னொரு வாஷர்.

புதுசு. பெட்டியில் ஐந்தாறு கனத்தில் வரும். ஒன்றைப் போட்டால் மற்றவை மிச்சம். அந்த மிச்சத்திலிருந்து எடுத்து, வாசலின் தடவி, இம்மி பிசகாமல் ஒட்டியிருந்தது. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. இறுகாமல் என்ன செய்யும்?

ஜெயசிங் மாட்டிக்கொண்டான்.

சந்தோஷமாகக்கூட இருந்தது. இனி சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஸ்கூட்டர் வந்து நின்றது. சீல் பொட்டலத்தோடு ஜெயசிங் உள்ளே வந்தான். வந்தவன் முன்னால் அவன் பம்பைத் தூக்கிக் காட்டினான்.

ஜெயசிங் பம்பைப் பார்த்தான். டிரம்மைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ. உள்ள வச்சிருந்தியளா?"

"எதுக்குல இத ஒட்டுன?"

"நீங்க எப்பவும் பம்புலதான ஒட்டுவிய. காலியா இருந்துச்சு." பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "போன வண்டியில மாதிரி மறந்துட்டியளோன்னு நெனச்சேன் அத்தான்."

வாய் வரை வந்திருந்த வசவு அங்கேயே நின்றது.

போன வண்டிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு புகழ்ந்துவிட்டுப் போனார். அவனும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

"அதுக்கு முந்துன வண்டி?"

ஜெயசிங் தரையைப் பார்த்தான்.

"அக்காகிட்ட மட்டுந்தான் போன்ல சொன்னேன். வெளிய ஒரு ஆளுக்குத் தெரியாது."

அவன் பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்தான்.

இவன் துரோகியாகவே இருந்திருக்கலாம். துரோகி என்றால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, நாளைக் காலையில் வந்து நிம்மதியாக வேலையைப் பார்க்கலாம்.

பயமாக இருந்தது. இந்த வயது வரை அவன் இப்படிப் பயந்ததில்லை.

ஜெயசிங் வாஷரை நகத்தால் பெயர்த்து எடுத்தான். இரண்டு பேருமாகப் பம்பை இறக்கினார்கள். அவன் எழுந்து ஸ்பேனரை எடுத்தான்.

ஒரு போல்ட். சுற்றினான். சுற்றியது.

இன்னொன்று. சுற்றியது.

கடைசி போல்ட்டையும் முடுக்கினான். விரலால் தொட்டாலே ஷாஃப்ட் சுற்றியது. இதைவிட நல்ல வேலை யாரும் செய்ய முடியாது.

அவன் ஒதுங்கி நின்றான்.

"வேற எதையும் விட்டிருக்கேனான்னு பாரு மாப்ள."

"ஒண்ணையும் விடல அத்தான்" என்றான் ஜெயசிங், குனிந்துகூடப் பார்க்காமல்.