மாடி வீட்டு ஆட்டுக்கல்

“பார்த்தியா சுலோ? பல்பு எரியறதுக்காகவே காத்துண்டு இருந்திருக்கா! வேணும்னே பண்றா!”

ஹெட்ஃபோனைப் பிடுங்கி மேஜையில் போட்டான் குருமூர்த்தி. மைக் முன்னால் நின்ற அவன் மனைவி சுலோசனா, பல்லவியைப் பாதியில் விட்டுவிட்டு மேலே பார்த்தாள். கூரையைத் துளைத்துக்கொண்டு கடகடவென்று ஆட்டுக்கல் சுற்றிக்கொண்டிருந்தது.

மாடியில் குடியிருப்பவள் தாயம்மாள். கிடர்பூர் துறைமுக வாசலில் அவளும் புருஷன் கருப்பையாவும் இட்லிக்கடை நடத்துகிறார்கள். வங்காளிப் பிள்ளைகள் தங்கள் பாஷையில் சித்தி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கட்டடம் பூராவுக்கும் அவள் மாஷி ஆகிவிட்டாள்.

போயும் போயும் இன்றைக்கா இப்படி! காலையில்தானே ஸ்டூடியோவுக்குக் கணபதி பூஜை போட்டு, வீடு வீடாகச் சுண்டல் கொடுத்தான்!

சும்மா வந்த ஸ்டூடியோவா அது? துறைமுக ஆபீஸ் குமாஸ்தா ஒருத்தன், ஆறு மாசமாக ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் தன் கையால் கட்டியது. சுவருக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் சணல் சாக்கு, தேங்காய் நார். கதவுக்குள்ளே மரத்தூள். சாந்த்னி மார்க்கெட்டில் ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி வந்து, விரல் பொசுங்கப் பொசுங்கப் பற்றவைத்த சவுண்ட் மிக்ஸர். கப்பல்காரன் ஒருத்தன் உதவாது என்று தள்ளிவிட்ட ஸ்பூல் டேப் மெஷின் இவன் கை பட்டதும் ஜம்மென்று சுற்றுகிறது. வாசல் நிலைக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் உள்ளே ரிக்கார்டிங் என்று அர்த்தம். முற்றத்தைப் பார்த்த எந்த வராந்தாவில் நின்றாலும் தெரியும்.

ஐந்து மணிக்கு காஸெட் கம்பெனி சென் பாபு வருகிறார். மாதிரி டேப் அவருக்குப் பிடித்துவிட்டால், துர்கா பூஜைக்கு அவர்கள் போடப்போகும் பாட்டெல்லாம் இங்கேதான். பிடிக்காவிட்டால் ஆறு மாச உழைப்பும் அம்போ. போதாக்குறைக்குக் காலையிலிருந்து லோட்ஷெட்டிங். கரண்ட் வந்ததே மூன்று மணிக்குத்தான்.

“பதறாதேங்கோ. இன்னொரு தடவை எடுக்கலாம்” என்றாள் சுலோசனா.

பல்பை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தான். ஆட்டுக்கல் டக்கென்று நின்றது.

“அப்பாடா! அரைச்சு முடிச்சுட்டா! வா, வா, சீக்கிரம்!”

கதவைச் சாத்தினான். பல்பைப் போட்டான். ஸ்பூல் சுற்ற ஆரம்பித்தது. சுலோசனா எடுத்த எடுப்பிலேயே குரல் கணீரென்று விழுந்தது. அடடா, என்ன சுத்தம்! குருமூர்த்திக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நம்ம மெஷினா இது, நம்ம மைக்கா இது என்று துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

இரண்டாவது வரியில், கடகடகட.

மூன்றாம் தடவை உஷாரானான். கதவைத் திறந்து வைத்து முழுசாக ஐந்து நிமிஷம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். மாடியில் ஒரு சத்தம் இல்லை. திரும்பிவந்து கதவைச் சாத்தி, பல்பைப் போட்டு, சுலோசனா வாயைத் திறந்தாளோ இல்லையோ, கடகடகட.

“ஆறு மாசமா நான் சுத்தியால அடிச்சேனோல்லியோ, அதுக்குப் பழி வாங்கறா!”

“சீ, மாஷி அப்படிப்பட்டவ இல்லேன்னா.”

“அப்போ பல்பு எரிஞ்சா சுத்தறதும், அணைஞ்சா நிக்கறதும் எப்படியாம்?”

சுலோசனா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு இருபது. அழுகையும் ஆத்திரமுமாக, பல்பைப் பட்டென்று அணைத்துவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினான் குருமூர்த்தி.

வராந்தாவில் ஆட்டுக்கல். பக்கத்தில், முழங்கை வரை மாவோடு தாயம்மாள். கல்லில் கையே இல்லை. கம்பிக்கு நடுவே தலையை நீட்டி, கீழே அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கையும் களவுமாப் பிடிச்சேன் பாருங்கோ! எங்க பல்பையே பார்த்துண்டு உட்கார்ந்திருக்கேளே, என் பொழைப்பைக் கெடுக்கறதுல என்ன சந்தோஷம் மாஷி உங்களுக்கு?”

அவள் முகம் சுண்டிப்போனது.

“கெடுத்தேனா? நானா தம்பி?”

உள்ளேயிருந்து கருப்பையா எரிச்சலோடு எட்டிப் பார்த்தார்.

“காலையிலேருந்து இதே கூத்துத்தான் தம்பி. ஊறப்போட்ட அரிசி அப்படியே கெடக்கு. கேட்டா, கடை ஒருநா சாத்திக் கெடந்தா ஒண்ணும் குடிமுழுகிப் போகாதுங்கறா!”

“நீங்க சும்மா இருங்க” என்று அவரை அடக்கிவிட்டு, மாவுக் கையோடு எழுந்தாள் தாயம்மாள்.

“சுண்டல் கொடுக்கையில நீங்கதானே தம்பி எல்லார்கிட்டயும் சொன்னீக? கதவு தெறந்திருந்தா குண்டூசி விழுந்தாக்கூட மிசினுக்குக் கேட்டுரும், சாத்தி பல்பைப் போட்டுட்டா மாடியில யானையே ஆடினாலும் கேக்காதுன்னு? அதான் காலையிலேருந்து கல்லைத் தொடலை. பல்பு எரியறப்ப மட்டும் அவசரமா நாலு சுத்து சுத்துறேன். அணைஞ்சா உடனே கையை எடுத்துருறேன். என்னால உங்களுக்கு ஒரு கொறை வந்துரக் கூடாதுல்ல?”

குருமூர்த்தி மெல்லத் திரும்பிப் பார்த்தான். சண்டைச் சத்தம் கேட்டு எல்லா வராந்தாவிலும் ஆள் நின்றது. காலையில் அவன் சுண்டலும் பேச்சும் வழங்கிய அதே ஆட்கள்.

“மாஷி…” என்றான், அத்தனை பேர் காதிலும் விழுகிறமாதிரி. “யானையெல்லாம் வேண்டாம். பூனை நடந்தாலே கேக்கறது.”