கொள்கை அளவில் தண்ணீர்

வைகாசி இரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கு, நாற்பத்தொரு மீன்களின் சார்பில் தில்லையம்மாள் என்ற கெண்டை, குளத்து அதிகாரியான நாரையிடம் ஒரு மனு கொடுத்தது. குளம் வற்றுகிறது, ஏரி மதகைத் திறந்து தண்ணீர் விட வேண்டும் என்பதே மனு.

குளத்து நடுவில் ஒற்றைக் காலில் நின்றிருந்த நாரை, கண்ணை மூடிக்கொண்டே படித்தது. அதன் வெள்ளைப் பிம்பம் நீரில் மேகம்போல அசைந்தது.

“பரிசீலனையில் உள்ளது” என்றது.

மீன்கள் வாலடித்து மகிழ்ந்தன.

பத்து நாள் கழித்து, “கொள்கை அளவில் ஏற்கப்பட்டது” என்றது. அன்று பாராட்டுக் கூட்டமே நடந்தது. நாரைக்கு அல்லி மாலை போட்டன. தண்ணீர் அதன் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது.

தில்லையம்மாள் மட்டும் மதகைக் காக்கும் நண்டிடம் போனது.

“அண்ணே, ஏத்துக்கிட்டாங்களே, இன்னும் ஏன் திறக்கல?”

“திறன்னு சொன்னா திறந்துட்டுப் போறேன், தங்கச்சி. கொள்கை அளவிலன்னா கொடுக்கை எந்தப் பக்கம் திருப்புறது?”

கெண்டை நாரையிடம் திரும்பி வந்தது. “ ‘திற’ன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கய்யா.”

“அந்த வார்த்தையை நாங்க எழுதுறதில்லம்மா” என்றது நாரை கனிவாக. “எழுதினா அவன் திறந்துடுவானே! ‘ஆவன செய்யப்படும்’னு போட்டுத் தரேன், வாங்கிக்க.”

எழுதிக் கொடுத்த தாமரை இலையைச் சுற்றி நாற்பத்தொரு மீன்களும் நெருங்கிப் படுத்தன. ஏரி மெல்ல நடந்து தங்களிடம் வருவதாகக் கனவு கண்டன.

ஆனி பதினேழாம் தேதி குளம் வற்றியது. விசாரணைக்கு மனுதாரர்கள் யாரும் வராததால், இருபதாம் தேதி மனு முடித்து வைக்கப்பட்டது.