ஐம்பத்தைந்து நிமிடம்

பகல் விமானம் கிளம்பியதும் அந்தச் சின்ன விமான நிலையம் காலியானது. காவலாளியும் சாப்பிடப் போய்விட்டார். விசாரணைக் கவுண்டரில் இருந்தவளிடம் ஓர் ஆள் வந்து நின்றான்.

"இப்போ போன ஃப்ளைட் எவ்வளவு நேரத்துல இறங்கும் மேடம்?"

"அம்பத்தஞ்சு நிமிஷம். முந்நூத்தி எண்பது கிலோமீட்டர்தானே!" பன்னிரண்டு வருட அனுபவம், கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"நடுவுல போன் போட்டா எடுப்பாங்களா?"

"எப்படிங்க? ஏறினதுமே ஆஃப் பண்ணச் சொல்லிடுவாங்க."

"இறங்கினதும் ஏதாவது அவசரம்னா, உடனே திரும்பி வர முடியுமா?"

"ஆறு மணிக்குத்தான் அடுத்த ஃப்ளைட். கார்ல வந்தா ஏழு மணி நேரம், முதுகு கழண்டுடும்."

"ஆறு மணி வரைக்கும் இங்க யாரும் வர மாட்டாங்களா?"

"ஈ காக்கா வராது" என்று சிரித்தாள்.

அவனும் சிரித்தான். "அப்போ இங்க எது நடந்தாலும், அதுல போறவர் மேல யாரும் சந்தேகப்பட முடியாது."

இவள் சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன சார் சொல்றீங்க? வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

கவுண்டர் மேலிருந்த 'உணவு இடைவேளை' பலகையை எடுத்து, வெளியே தெரியும்படி அவனே திருப்பி வைத்தான்.

"ஜன்னல் சீட் கேட்டு வாங்கிட்டுப் போனாரே உங்க வீட்டுக்காரர், அவர் சொன்னது சரிதான் மேடம். நேரம் சொல்றதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல."