சுவரோரக் குழி

"நாங்க குடிக்கிற கெணத்துல கக்கூசத் தொறந்து விடப் பாக்குறீகளே, இது உங்களுக்கே நல்லாருக்கா சார்?"

பூமயில் போட்ட சத்தத்தில், மண்வெட்டியை ஓங்கிய ஆள் அப்படியே நின்றுவிட்டான். சுரேஷ் மட்டும் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம் அவனுடைய புது வீடு எழும்பப் போகிறது. இந்தப் பக்கம் பூமயிலின் ஓட்டு வீடு, நாலு பாத்தி மிளகாய், ஒரு கிணறு. உப்பூர் ரோட்டில் மனை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியவன், ஊருக்குள் இருக்கும் வாடகை வீட்டிலிருந்து காரில் வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போவான். பாதாளச் சாக்கடையெல்லாம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவரவர் வீட்டுக் கழிவுக்கு அவரவரே வழி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வழியைத்தான் பூமயிலின் கிணற்றோரமாகப் பார்த்து வைத்திருக்கிறான் மகராசன்!

"என் எடம். நான் எங்கன வேணாலும் தோண்டுவேன்" என்றான்.

"தோண்டுங்க, யாரு வேணாம்னா? அடியில காங்கிரீட்டுப் போட்டு மூடுன தொட்டியாக் கட்டுங்க. இல்லையா, ரோட்டுப் பக்கம் தள்ளி வைங்க. அடியே இல்லாம வெறும் சிமெண்டு வளைய உறைய எறக்குனா, இந்த மணலு அம்புட்டையும் உறிஞ்சி என் கெணத்துலல்ல கொண்டாந்து சேக்கும்!"

மேஸ்திரி கனி தலையைச் சொறிந்தார். "அக்கா சொல்றது நெசந்தான் சார். நானும் மொதல்லயே சொன்னேன். மூடுன தொட்டின்னா கொஞ்சம் செலவு கூட. ரொம்புனா லாரிய வரச்சொல்லி எடுக்கணும். ஆனா யாருக்கும் தொந்தரவு இல்ல."

"லாரிக்குப் பின்னாடி எவன் அலையுறது? உறைன்னா அது பாட்டுக்கு மண்ணுக்குள்ள போயிரும், நமக்கு ஒரு வேலையும் இல்ல. ரோட்டுப் பக்கம் கார் நிக்கணும். நீங்க உறையவே எறக்குங்க மேஸ்திரி."

அது பாட்டுக்குப் போய்விடுமாம்! எங்கே போகும் என்று கேட்க ஆளில்லை. பூமயிலுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கிற தண்ணீர்தான். அவளும் புருஷனும் வேகாத வெயிலில் கிடந்து வெட்டிய இந்த ஒரு கிணறு மட்டும் இனித்தது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று மிஞ்சியதும் இதுதான். இது கெட்டுப்போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு எவர் வாசலில் போய் நிற்பது?

கோபத்தை விழுங்கிக்கொண்டு கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "சார், நாளைக்கு நீங்களும் இங்கனதான குடியிருக்கப் போறீக? ஆத்திர அவசரத்துக்கு ஒரு குடம் தண்ணின்னா இந்தக் கெணத்துக்குத்தான வரணும்?"

சுரேஷுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"உங்க வீட்டுத் தண்ணியா? ஏம்மா, உங்க தெருவுல நாங்க பச்சத் தண்ணி வாயில ஊத்துவமா? யார்கிட்டப் பேசுறோம்னு தெரிஞ்சு பேசு. எங்க வீட்டுக்குக் கோயில் கெணத்துத் தண்ணி வருது. குடிக்க, பொங்க, சாமிக்கு வைக்க எல்லாத்துக்கும் அதுதான். இங்கன குடி வந்தாலும் அதுதான் வரும். உன் கெணறு இருந்தா எனக்கென்ன, தூந்து போனா எனக்கென்ன?"

கனி மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டார். பூமயிலுக்குக் கன்னத்தில் அறை வாங்கியது போல இருந்தது.

"நல்லாருங்க சார்! எங்க தண்ணி உங்களுக்கு ஆகாது, உங்க வீட்டு நரகல் மட்டும் எங்க தண்ணிக்கு ஆகுமாக்கும்! இது எந்த ஊரு நியாயம்? பஞ்சாயத்துக்குப் போவேன், கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போயி உக்காருவேன். சும்மா விட்டுருவேன்னு மட்டும் நெனைக்காதீக!"

"தாராளமாப் போ. நீ போயிட்டு வாரதுக்குள்ள உறை எறங்கிரும்" என்றவன், டேப்பை வாங்கிக்கொண்டு தானே குழிக்குள் இறங்கினான். ஏற்கெனவே ஆளை மறைக்கிற ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். உள்ளே குனிந்து அளந்தபடியே குரல் கொடுத்தான். "மேஸ்திரி, அஸ்திவாரக் கலவைக்கு உப்புத் தண்ணி ஆகாதுன்னீங்களே? எங்க வீட்டுக்குத் தண்ணி ஊத்துற ஆளையே ஒரு லோடு கொண்டாரச் சொல்லிட்டேன். இப்ப வந்துருவாரு."

பூமயில் விறுவிறுவென்று திரும்பிப் போய்க் கிணற்றடியில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. அழுதால் அவனுக்குத்தான் கொண்டாட்டம் என்று முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

கொல்லைப் பக்கம் டிராக்டர் வந்து நின்றது. கூத்தையா! அவளிடம் தண்ணீர் எடுத்து ஊருக்குள் வீடு வீடாக விற்கிறவன். தினம் விடிகாலையில் வருகிறவனுக்கு இன்று மட்டும் இதென்ன நேரங்கெட்ட நேரம்?

அவன் இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினான். டிராக்டர் ஓட்டுகிறவன் தாழ்த்துகிற குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"யக்கா, ஒரு லோடு அவசரம். பக்கத்து மனைக்குத்தான்."

"யாரு மனைக்கு?"

"சுரேஷ் சார் மனைக்கு. நம்ம பழைய வாடிக்கதான்க்கா. வருசக் கணக்கா அவுக வீட்டுல சோறு பொங்குறதும், சாமிக்கு வைக்கிறதும் உங்க கெணத்துத் தண்ணிதான். உங்க வீட்டுதுன்னு தெரிஞ்சா தொட மாட்டாகன்னு, கோயில் கெணத்துத் தண்ணின்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க பாட்டுக்கு வாயத் தொறந்துறாதீக."

மதிலுக்கு அந்தப் பக்கம், குழிக்குள்ளிருந்து சுரேஷின் தலை மெல்ல மேலே வந்தது.

"நல்லா நெறச்சுக்கோ கூத்தையா!" என்றாள் பூமயில், அந்தத் தலையைப் பார்த்தே. "அவுக குடி வந்தப்பெறகு இந்தக் குழியில விடுறதத்தான் நீ மறுபடி அவுக வீட்டுக்கே கொண்டுபோயி ஊத்தப் போற."