பன்னிரண்டாம் பக்கத்துக்குச் சாட்சி

பாண்டிராஜ் ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். இரண்டு தோசை சுட்டு, அடுப்படியில் நின்றபடியே தின்றான். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசியில் துணி காயாது. ஈரச் சட்டையையே மாட்டிக்கொண்டு டிரஸ்டுக்குப் போனான்.

இலவச ஆம்புலன்ஸ் ஓட்டும் டிரஸ்ட். கோப்புகளெல்லாம் அவன் பொறுப்பு. இன்று தரச்சான்றுக்கு ஆய்வு.

செயலாளர் பால்வண்ணநாதன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏலே, சான்றிதழ் மட்டும் கெடச்சிட்டுன்னா இன்னும் ரெண்டு வண்டி வரும் பாத்துக்கோ. மூஞ்சிய எழவு வீடு மாதிரி வச்சிருக்காத."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். பாண்டிராஜின் மனைவி ஜெயபிரியா செத்து நாலு மாதம்தான் ஆகிறது.

சென்னையிலிருந்து வந்த ஆய்வாளர் பெர்சிஸ், வண்டியின் சோதனைத் தாள்களைப் புரட்டினார். டயர், பிரேக், ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன். தினமும் டிக். தினமும் பாண்டிராஜின் கையெழுத்து.

"ஒரு நாள்கூட விடுபடலையே சார். ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க."

எப்படி விடுபடும்? ஒன்றாம் தேதியே முப்பது நாளுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவான். வண்டி பின்னால் கொட்டகையில் நிற்கும். அவன் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

அடுத்து ஆண்டறிக்கை. பன்னிரண்டாம் பக்கத்தில் ஜெயபிரியாவின் படம். டிரஸ்டில் முதலுதவி சொல்லிக்கொடுத்தவள், டிரஸ்ட் வண்டியிலேயே உயிரை விட்டவள். படத்துக்குக் கீழே அவளுடைய கடைசி வார்த்தை என்று செயலாளர் ஒரு வரி போட்டிருந்தார்: 'இந்தச் சேவை ஒருநாளும் நிற்கக் கூடாது.'

"அறிக்கையில இருக்கிற எல்லாத்துக்கும் ஆதாரம் வேணும் சார். அப்போ பக்கத்துல இருந்தது யாரு?"

அவன்தான் இருந்தான்.

அவளுக்கு வீசிங் முற்றி, டிரஸ்ட் வண்டியில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். ஆலங்குளம் வருவதற்குள் ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. புறப்படும்போதே முள் சிவப்பில்தான் கிடந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

"நம்ம பாண்டிதாம்மா. போட்டுக் குடுலே, ஒரு கையெழுத்துதான" என்று செயலாளர் பேனாவை நீட்டினார். சிரித்த முகம், கண் மட்டும் கெஞ்சியது.

பாண்டிராஜ் பேனாவை வாங்கினான். அச்சடித்த வரியைக் குறுக்கே அடித்தான். செயலாளர் அவன் தோளைப் பிடித்தார். அவன் நிறுத்தவில்லை.

முகமூடியை ஒரு கையால் விலக்கி, இரண்டு மூச்சுக்கு நடுவே அவள் கேட்டதை, கேட்டபடியே எழுதினான்.

"நீங்க பாத்துத்தான கையெழுத்துப் போட்டிய?"