முந்தி வந்த வண்டி

“மேடம், ஆர்டரே வரல. என்னை எதுக்கு ஸ்ரீவராகத்துல நிக்கச் சொல்லுது?” ஓட்டுநர் பால்பாண்டி போனில் கேட்டார்.

தம்பானூர் அலுவலகத்தில் ஆஷா திரையைப் பார்த்தாள். மூன்று வண்டிகளும் எங்கே, எந்த வழியாகப் போகவேண்டும் என்பதை இப்போதெல்லாம் மென்பொருள்தான் முடிவு செய்கிறது. முதலாளியிடம் அடம்பிடித்து அதை வாங்கவைத்தவளே அவள்தான்.

“அடுத்த ஆர்டர் எங்கேர்ந்து வரும்னு அதுவே கணிச்சு, வண்டியை முன்னாடியே அனுப்பிடும். நேத்து சாலைக் கடைவீதியில கரெக்டா சொல்லித்தே, அல்லே?”

“அதான் மேடம் பயமா இருக்கு. நேத்து நான் போய் நிக்கும்போது, பின்னாடி ஆர்டர் வந்த அந்த வீட்டுல எல்லாரும் சிரிச்சுப் பேசிட்டு இருந்தாவ.”

“வேற கம்பெனி வண்டி முந்திடப்படாதோன்னோ? அங்கேயே நில்லுங்கோ.”

“இங்க ஒரு பெரியவரு வாசல்ல பேப்பர் படிச்சிட்டு இருக்காரு. வண்டிக்குள்ள என்னன்னு கேக்காரு. பொணத்தை வைக்கிற ஃப்ரீசர் பெட்டின்னு அவருகிட்ட எப்படிச் சொல்லுவேன்?”

“தண்ணி கேன்னு சொல்லுங்கோ.” ஆஷா சிரித்தாள்.

“பாவம் மேடம், நல்ல மனுஷன். காப்பி குடிக்கியான்னு வேற கேக்காரு. ஒத்தக் கால்ல மட்டும் சாக்ஸ் போட்டிருக்காரு.”

ஆஷாவின் சிரிப்பு நின்றது. புண்ணில் ஈ மொய்க்கக் கூடாதென்று காலையில் அந்தச் சாக்ஸை அப்பாவின் காலில் மாட்டிவிட்டவள் அவள்தான்.

“வண்டியை எடுங்கோ! உடனே அங்கேர்ந்து போயிடுங்கோ!”

திரையில் பால்பாண்டியின் வண்டி நகர்ந்தது. தெரு காலியானது.

அடுத்த நொடியே, கடைவீதியில் நின்றிருந்த இரண்டாவது வண்டி ஸ்ரீவராகத்தை நோக்கித் திரும்பியது.